சேலத்திலிருந்து கடல் பார்க்க: ஒரு வார இறுதிச் சுற்றுலாவும் அது காட்டிய கரையும்

சேலத்தில் இயங்கும் தனியார் சுற்றுலா நிறுவனம் ஒன்று, வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டுத் திங்கட்கிழமை விடியலில் ஊர் திரும்பும்படி, புதுச்சேரியையும் மாமல்லபுரத்தையும் இணைத்து ஒரு கடற்கரைச் சுற்றுலாவை நடத்தி வருகிறது. பேருந்துக் கட்டணம், கடலோர விடுதியில் ஓர் இரவுத் தங்கல், உணவு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 5,800 ரூபாய். அண்மையில் குடும்பத்தோடு இந்தப் பயணத்தில் சென்று வந்தேன். நிறுவனத்தின் பெயரையும் விடுதியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இந்தத் தடத்தில் சுற்றுலா நடத்தும் பலருக்கும் பொதுவானவை என்பதுதான் காரணம்.

குறை சொல்ல இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பேருந்து சுத்தமாக இருந்தது. சேலம் நான்கு ரோட்டில் சொன்ன நேரத்துக்கு ஏற்றிக்கொண்டார்கள். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று இரவு முழுவதும் ஓட்டிய ஓட்டுநர் ஓரிடத்தில்கூட அவசரப்படவில்லை. உளுந்தூர்பேட்டை அருகே தேநீருக்கு நிறுத்திய இடத்தில் பெண்களுக்கான கழிப்பறை நன்றாக இருந்தது. வயதான பெண்களை அழைத்துக்கொண்டு பயணம் செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும். வழிகாட்டியாக வந்த இளைஞர், படியில் இறங்கத் தடுமாறியவர்களை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைபிடித்து இறக்கினார். காலைப் பொங்கல் சூடாகக் கிடைத்தது. பேருந்துப் பயணம் என்ற அளவில் இந்தச் சேவைக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் கடற்கரைச் சுற்றுலாவை இவற்றை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. கடலே இல்லாத மாவட்டத்தில் வாழ்கிற நம்மிடம், கடலைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கும் ஒரு சேவையிடம் நான் கேட்பது, எவரும் எவரையும் தடுக்காத ஒரு கரையில், மணலில் கால் பதித்து, எவ்வளவு நேரம் இருக்கவிட்டார்கள் என்பதுதான். அப்படிப் பார்த்தால், விடுதியின் நீச்சல் குளத்தருகே எங்களுக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூடப் பொதுக் கரையில் கிடைக்கவில்லை. இதற்கு நிகழ்ச்சி நிரலை வகுத்தவர்களை மட்டும் பொறுப்பாக்க முடியாது. நம் கடலோர ஊர்களில் கரை சுருங்கிக்கொண்டே போகிறது. மிஞ்சிய கரையை ஒட்டி மதில்கள் எழும்புகின்றன. சுற்றுலாப் பேருந்துகள் அந்த மதில்களுக்குள் போய் நிற்கின்றன. நாம் கொடுக்கும் பணம் எந்தக் கரையை வளர்க்கிறது, எதை அடைக்கிறது என்பதும் ஒரு சுற்றுலாவின் தரத்தைச் சேர்ந்த கேள்வி என்றே கருதுகிறேன்.

முதல் நிறுத்தம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே. விடிந்துகொண்டிருந்த வேளையில் வந்து சேர்ந்தோம், நேரத்தேர்வு அருமை. எங்களோடு வந்தவர்களில், ஆத்தூரில் ஏறிய ஒரு மூதாட்டி உட்பட, சிலருக்கு அதுதான் வாழ்வில் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பது. அந்த அம்மாள் சாலையோரக் கைப்பிடிச் சுவர்வரை வந்து, கீழே கருங்கற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "தண்ணிய எங்க போயித் தொடறது சாமி?" என்று வழிகாட்டியைக் கேட்டார். அந்த இளைஞருக்குப் பதில் தெரியவில்லை. படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இறங்கித் தண்ணீரைத் தொடுவது அவருடைய பட்டியலில் இல்லை. சற்று வடக்கே தலைமைச் செயலகத்தின் பக்கம் மணல் இருக்கிறது என்று அங்கே நடைபயிற்சிக்கு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லி, என் மனைவியும் நானும் அந்த அம்மாளை அழைத்துப் போனோம். அவர் குனிந்து, ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். ஒரு சுற்றுலா நிறுவனம் எதை முதன்மையாக ஏற்பாடு செய்திருக்க வேண்டுமோ, அது தற்செயலாகத்தான் நடந்தது.

அந்தக் கற்கள் எப்படி வந்தன என்பதை வழிகாட்டி சொல்லியிருந்தால், அந்த அரை மணி நேரத்துக்கே ஒரு பொருள் கிடைத்திருக்கும். வங்கக் கடலின் இந்தப் பகுதியில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் தள்ளுகின்றன. வடக்கே போவதுதான் அதிகம் என்பதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் கரையோரமாகவே வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அலைத்தடுப்புகள் நீட்டப்பட்டபோது, அந்தப் பயணம் அங்கேயே தடைப்பட்டது. தடுப்புக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே இருந்த நகரத்தின் கடற்கரை அரித்துப் போனது. தேங்கும் மணலை இறைத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் அது ஒழுங்காக நடக்கவில்லை. சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். சாலை தப்பியது, ஆனால் ஊருக்கு மணற்கரை இல்லாமல் போயிற்று.

கல்லால் கட்டிய கரைக்கு ஓர் இயல்பு உண்டு. அது அரிப்பை நிறுத்துவதில்லை. அடுத்த ஊருக்கு அனுப்பி வைக்கிறது. நகரத்தின் வடக்கே உள்ள மீனவக் குப்பங்கள், அதைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக வீடுகளும் மணலும் கடலுக்குள் போனது இப்படித்தான். சென்னையில் நூறாண்டுக்கு முன்பே நடந்ததும் இதுவே: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் ஏறி, இன்று அங்கே கற்சுவர்தான் கரை. மெரினாவில் காற்று வாங்குகிற நாம், அந்த மணல் எந்தக் கரைக்குப் போய்ச் சேராமல் இங்கே தங்கிற்று என்று ஒருபோதும் நினைப்பதில்லை.

புதுச்சேரியில் ஓரளவு நல்ல செய்தியும் உண்டு. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலில் நீருக்குள் மூழ்கியிருக்கும்படி எஃகுத் தடுப்பு ஒன்றை அமைத்தது. அலையின் வேகம் அங்கே குறைந்து மணல் மீண்டும் படிந்தது. ஆத்தூர் அம்மாள் நின்ற மணல் அதுதான். கரை போனால் போனதுதான் என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்குக் கண்ணெதிரே சான்றாக நிற்கும் அந்தத் துண்டுக் கடற்கரை, சுற்றுலா நிரலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

மதியம் விடுதிக்குப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரத்துக்கு வடக்கே, ஒரு காலத்தில் சவுக்குத் தோப்பாக இருந்த இடம். மதிலோரம் சில சவுக்கு மரங்களை விட்டு வைத்திருந்தார்கள். அறைகள் விசாலமானவை, படுக்கை விரிப்பு வெள்ளை, புல்தரை பச்சை. மதிய உணவில் வஞ்சிரம் வறுவல் நன்றாகவே இருந்தது. குழந்தைகளுக்கு நீச்சல் குளம் போதும் என்றாகிவிட்டது. கடல் நூறு அடி தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, சேலத்திலேயே கிடைக்கிற குளோரின் நீரில் பிற்பகல் முழுவதும் விளையாடினார்கள். விளம்பரத் தாளில் "தனிக் கடற்கரை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைக் காணப் பின்பக்கம் சென்றேன். புல்தரை முடியும் இடத்தில் சங்கிலி, அதில் "விருந்தினருக்கு மட்டும்" என்று பலகை, அதற்கப்பால் கொட்டிய கருங்கல், கல்லுக்குக் கீழே ஏழெட்டு அடி அகலத்தில் ஈர மணல். வலைப்பையோடு அந்த மணல் வழியே நடந்து வந்த சிறுவர் இருவரைக் காவலாளி விசில் அடித்து நிறுத்தி, வந்த வழியே திருப்பி அனுப்பினார். பையன்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பழகிப்போன காட்சி என்பது அதிலிருந்தே தெரிந்தது.

தனிக் கடற்கரை என்று ஒன்றை விற்கும் உரிமை எந்த விடுதிக்கும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அலை ஏறி இறங்கும் கரை தனியார் பட்டாவில் அடங்குவதன்று. அது அனைவருக்கும் உரிய புறம்போக்கு. 1991 பிப்ரவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர்வரை உள்ள நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று முதன்முதலாக வரையறுத்தது. 2011இல் வந்த அறிவிக்கை, கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதியாக வைத்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளில், கடலோர மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றபின், அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. தற்காலிகச் சுற்றுலாக் குடில்களையும் கழிப்பறைகளையும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி அமைக்க இடம் கொடுத்தது. மணலே ஏழெட்டு அடிக்குச் சுருங்கிய ஊரில் பத்து மீட்டர் என்பது யாருடைய வாசற்படி, யாருடைய படகு நிறுத்தும் இடம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மாலையில் விடுதியை விட்டு வெளியே வந்து, அந்தச் சிறுவர்கள் திரும்பிப் போன திசையில் குப்பத்துக்கு நடந்தேன். இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றில் மறக்கக்கூடாதது அங்கேதான் இருந்தது. ஊருக்குள் போகும் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு வலையை விரித்து நெத்திலியைக் காயப் போட்டிருந்தார்கள். பகல் முழுவதும் காய்ந்ததைப் பெண்கள் இருவர் துடைப்பத்தால் கூட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வண்டி வரும்போதெல்லாம் ஒருவர் எழுந்து வலையின் ஓரத்தை மடித்து வழிவிட்டார். மூத்தவரிடம், ஏன் அக்கா சாலையில் காய வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மணல்ல போட்டா அடியில சூடு, மேல காத்து, ஒரு நாள்ல காஞ்சிரும் சார். தாரு ஒட்டுன மீன யாரு வாங்குவா? பாதி வெல தான் சொல்றாங்க" என்றார் அவர். கடற்கரை எவ்வளவு அகலம் இருந்தது என்று கேட்டதற்கு, "எங்க மாமியா கரையில நின்னு கத்துனா, தண்ணிகிட்ட கட்டுமரத்த ஒதுக்குறவங்களுக்குக் கேக்காதும்பாங்க. இப்ப வீட்டுக்குள்ளயே அலைச் சத்தந்தான்" என்றார்.

கரை என்பது உள்ளூர்க்காரர்களுக்குப் பொழுதுபோக்குமிடம் அன்று என்பதை எங்களைப் போன்ற மலையோரத்துக்காரர்கள் எளிதில் உணர்வதில்லை. படகை ஏற்றி வைக்க, வலை உலர்த்த, கிழிந்த வலையைப் பரப்பிச் சீர் செய்ய, மீனை ஏலம் போட, கருவாடு காய வைக்க எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். கரைவலை இழுப்பதற்கோ அகலமான மணல் இன்றியமையாதது. இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பின்னே நடக்க இடமில்லாத ஊரில் கரைவலையும் இல்லை. தைக்குப்பின் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும் இதே கதிதான். கருங்கல்லின்மேல் ஏறி அவை குழி தோண்ட முடியாது. தடுப்புக்கல்லுக்கும் விடுதிப் புல்தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்தக் குப்பத்துக்கு, அரசு தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தடுப்பு, அமைத்துத் தரும் என்பதே இப்போதுள்ள நம்பிக்கை. அதுவும் கல்தான், அதன் வடக்கே இருக்கும் ஊர் என்ன ஆகும் என்று அங்கே நின்றிருந்த ஓர் இளைஞரே கேட்டார்.

இதைச் சேலத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும் என்று எங்களோடு வந்த நண்பர் ஒருவர் இரவு உணவின்போது கேட்டார். பேச வேண்டும் என்றே எண்ணுகிறேன். இந்தியாவில் கடற்கரை பொதுச் சொத்து என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எழுந்ததே ஒரு மலைப்பகுதிச் சுற்றுலா விடுதியால்தான். இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையை வளைத்துப்போட்டு, ஆற்றின் போக்கையே திருப்ப முனைந்த விடுதி பற்றிய வழக்கில், 1996 டிசம்பரில் நீதிமன்றம், ஆறு, காடு, காற்று, கடற்கரை ஆகியவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவற்றைத் தனியார் இலாபத்துக்குக் கைமாற்ற முடியாது என்று உறுதிப்படுத்தியது. மலைக்கும் கடலுக்கும் நீதி ஒன்றே.

நம் ஏற்காட்டிலேயே இதைப் பார்க்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஊர் நடுவில் ஏரி. அதைச் சுற்றிப் படகுத்துறை, பூங்கா, கடைகள், விடுதிகள் என்று எழும்பியபின், சீட்டு வாங்காமல் நீரோரமாக உட்கார ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஏரி அங்கேயேதான் இருக்கிறது, நீரும் இருக்கிறது. கரைதான் துண்டு துண்டாக ஒவ்வொருவர் பொறுப்புக்குப் போய்விட்டது. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் நேர்மாறாக நடந்தது. 2010 முதல் சேலத்து மக்களே முன்நின்று, சேர்வராயன் அடிவாரத்து நீர் வந்து சேரும் அந்த ஏரியைத் தூர்வாரி, நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் வளர்த்தார்கள். பறவைகளும் வந்தன, மாலையில் நடக்க மக்களும் வருகிறார்கள். பொதுக் கரை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்த ஊரிலிருந்து கிளம்பும் சுற்றுலா, "விருந்தினருக்கு மட்டும்" என்ற பலகைக்குப் பின்னால் நம்மைக் கொண்டுபோய் இறக்கலாமா?

இரண்டாம் நாள் சிறப்பாக அமைந்தது. மரக்காணத்தில் உப்பளங்களைப் பேருந்தில் இருந்தபடியே பார்த்தோம். கழுவேலி நீர்நிலையும் அந்தப் பக்கம்தான், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, ஆனால் நிறுத்தவில்லை. மாமல்லபுரத்தில் நேரம் தாராளமாகக் கொடுத்தார்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலைச் சுற்றிலும் கல் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். கோயிலைக் காக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். கோயிலுக்கு அருகே, மீனவர்கள் படகு ஏற்றியிருந்த மணலில், குழந்தைகள் இருட்டும்வரை விளையாடினார்கள். படகுகளுக்கு நடுவே ஓடியவர்களை எவரும் விரட்டவில்லை. வலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கால்சட்டையை மடித்துவிட்டு எந்த இடத்தில் இறங்கினால் இழுப்பு இருக்காது என்று அவர்களுக்குக் காட்டியும் கொடுத்தார். மொத்தப் பயணத்தில் பணத்துக்கு முழு மதிப்புக் கிடைத்தது இந்த ஒரு மாலையில்தான். இதற்கென நிறுவனம் தனியாக ஒரு காசும் செலவிடவில்லை.

ஊர் திரும்பியபின் நிறுவனத்தின் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கோரிக்கைகளை வைத்தேன். புதுச்சேரியில் நகரத்துக்குள்ளேயே ஒரு தங்கும் விடுதியை அமர்த்தினால், விடியலிலும் அந்தியிலும் பயணிகள் தாங்களாகவே பொதுக் கரைக்கு நடந்து போகலாம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் முதியவர்களுக்கும் அச்சமில்லை. விளம்பரத் தாளிலிருந்து "தனிக் கடற்கரை" என்ற சொற்களை நீக்க வேண்டும். ஒரு வேளை மதிய உணவையாவது குப்பத்துப் பெண்கள் நடத்தும் உணவகத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். நெத்திலிக்குப் பாதி விலை பெறும் கைகளுக்கு நம் பணத்தில் ஒரு பங்கு நேராகப் போய்ச் சேரட்டும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தங்குமிடத்தை மாற்றினால் நீச்சல் குளம் இல்லை என்று குடும்பங்கள் பின்வாங்கும் என்பது அவர் கவலை. அது நியாயமான வணிகக் கவலை. சொற்களை நீக்குவதாக உறுதி சொன்னார். உணவு பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

முன்பதிவு செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் இருக்கும், தவிர்க்கவும்; தை முதல் பங்குனிவரை ஏற்ற காலம். முதல் நாள் காலையில் காந்தி சிலையிலிருந்து வடக்கே மணற்பகுதிக்கு அழைத்துப் போகுமாறு வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேளுங்கள், அந்த இளைஞர் மறுக்க மாட்டார். பணம் கட்டும்போது நீச்சல் குளம் வேண்டாம், நகருக்குள் தங்கினால் போதும் என்று மேலாளரிடம் சொல்லுங்கள்; பத்துக் குடும்பங்கள் அப்படிக் கேட்டால் மாற்றிவிடுவதாக அவரே சொல்லியிருக்கிறார்.